திருகோணமலையில் வளர்ந்தோர் எழுத்தறிவு வகுப்பில் தொண்டராகச் சேர விரும்புவோருக்கு

வளர்ந்தவர்களுக்கு எழுத வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் எண்ணத்தோடு வருபவர்களில் பலர், திருகோணமலையில் ஒரு வகுப்பறையைக் காணும் முன்பே களைத்துப் போகிறார்கள். எந்தக் கடிதத்தை எந்த மேசையில் கொடுப்பது, எந்தச் சான்றிதழை முதலில் எடுப்பது, எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதையெல்லாம் ஓரிடத்தில் எழுதி வைத்தவர் எவருமில்லை. நானும் ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டுத்தான் வழி கண்டுபிடித்தேன். ஓர் அலுவலகத்தில் என் விண்ணப்பம் யாருடைய கையில் இருக்கிறது என்பதே வாரக்கணக்கில் தெரியாமல் இருந்தது. அந்த அலைச்சல் அடுத்தவருக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். வெளியூரிலிருந்து இங்கு குடிவந்தவர்கள், பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குக் காத்திருப்பவர்கள், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. முதலில் உங்கள் காலத்தைக் கணக்கிடுங்கள்

எந்தப் படிவத்தையும் தொடுவதற்கு முன், குறைந்தது ஆறு மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், தவறாமல் வர முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் வகுப்பெடுக்க வேண்டாம். நிலையத்துக்குக் கொப்பிகள் வாங்கிக் கொடுப்பதும், பாடத்தாள்களைத் தட்டச்சுச் செய்து கொடுப்பதும் அதே அளவு பயனுள்ள உதவிகள். நான் இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஐம்பது வயதில் ஒரு பெண் கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வீதியில் இறங்குவதற்கு முன், அயலவரின் கேள்விகளையும் பிள்ளைகளின் சிரிப்பையும் தாண்டித்தான் வருகிறார். அப்படி வந்தவர் நான்காவது கிழமை பூட்டிய கதவைக் கண்டு திரும்பினால், அடுத்த வருடம் வேறொருவர் வகுப்புத் தொடங்கும்போது அவர் பெயர் கொடுக்க மாட்டார்.

2. எந்த நிலையம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கு பொதுவாக மூன்று வகையான இடங்களில் வகுப்புகள் நடக்கின்றன. முதலாவது, கல்வித் திணைக்களத்தின் முறைசாராக் கல்விப் (பாடசாலைக்கு வெளியே நடக்கும் கல்வி) பிரிவின் கீழ் வரும் எழுத்தறிவு நிலையங்களும் சமூகக் கற்றல் நிலையங்களும். இவற்றுக்கு வலயக் கல்வி அலுவலகமே பொறுப்பு. இரண்டாவது, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் அல்லது தொண்டு நிறுவனம் நடத்தும் வகுப்புகள். மூன்றாவது, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ மீனவர் சங்கமோ தன் பல்நோக்கு மண்டபத்தில் தானே தொடங்கி நடத்துவது.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது முதலாவது வகையில்தான். திருகோணமலை மாவட்டத்தில் திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. பிரதேச செயலகப் பிரிவுகளோ பதினொன்று. இரண்டின் எல்லைகளும் ஒன்றல்ல. நீங்கள் குடியிருக்கும் வலயத்துக்கு அல்ல, நிலையம் அமைந்திருக்கும் வலயத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். உப்புவெளியில் இருந்துகொண்டு கிண்ணியாவில் படிப்பிக்க விரும்புபவர் கிண்ணியா வலயத்தில்தான் கடிதம் கொடுக்க வேண்டும். மாகாணக் கல்வித் திணைக்களமும் நகரத்திலேயே இருப்பதால், மேலிடத்தில் கொடுத்தால் விரைவாக நடக்கும் என்று எண்ணிச் சிலர் அங்கு போகிறார்கள். அங்கிருந்து கடிதம் மீண்டும் வலயத்துக்கே அனுப்பப்படும், நாட்கள்தான் வீணாகும்.

தொண்டு நிறுவனத்தோடு சேர்வதாக இருந்தால், அது பதிவுசெய்யப்பட்டதா, அந்தப் பிரதேச செயலகத்துக்குத் தெரிந்து இயங்குகிறதா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒழுங்காக நடத்துபவர்கள் பதிவிலக்கத்தை உடனே காட்டுவார்கள்.

கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு தடவை நிலையத்துக்குப் போய், பின்வரிசையில் இருந்து ஒரு வகுப்பைப் பாருங்கள். தமிழ் எழுத்தறிவா, அடிப்படைச் சிங்களமா, க.பொ.த. சாதாரண தரத்தை மீண்டும் எழுதுபவர்களுக்கான பாடமா, எது தேவைப்படுகிறது என்பது அங்கே போனால்தான் தெரியும். ஆங்கிலம் படிப்பிக்கிறேன் என்று வருபவர்கள் நிறைய. அகர வரிசையிலிருந்து பொறுமையாகத் தொடங்க ஆயத்தமாக இருப்பவர்கள் குறைவு.

3. ஆவணங்களை வரிசைப்படி எடுங்கள்

நான் போன இடங்களில் கேட்கப்பட்டவை இவை: தேசிய அடையாள அட்டையின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் வதிவிட மற்றும் நற்சான்றிதழ், கல்விச் சான்றிதழ்களின் பிரதிகள், ஒரு பக்கத்துக்கு மேற்படாத சுயவிபரம், நீங்கள் எந்த நாட்களில் எந்த நேரம் வர முடியும் என்று எழுதிய விருப்பக் கடிதம், உறவினரல்லாத இருவரின் பெயர் விபரம். சில நிறுவனங்கள் பிரதேசப் பொலிஸ் நிலையத்தின் அறிக்கையையும் கேட்கின்றன. கேட்டால் மட்டும் எடுங்கள்.

இவற்றில் காலம் எடுப்பது கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ்தான். ஆகவே அதையே முதலில் தொடங்குங்கள். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாட்கள் கதவிலேயே எழுதப்பட்டிருக்கும். மற்ற நாட்களில் வெளிக்களத்தில் இருப்பார். அடையாள அட்டை, வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் இருப்பதற்கான விபரம், மின்சாரப் பட்டியல் அல்லது தண்ணீர்ப் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அவர் ஒப்பமிட்டதோடு வேலை முடிவதில்லை. பிரதேச செயலகத்தில் மேலொப்பம் பெற வேண்டும். நகரத்தவர்களுக்கு அது ‘பட்டினமும் சூழலும்’ என்ற பெயருள்ள பிரதேச செயலகம். மேலொப்பம் இல்லாத சான்றிதழைக் கொடுத்துத் திரும்பி வந்தவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மேலொப்பமிட்ட திகதியிலிருந்து ஆறு மாதமே அது செல்லுபடியாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். சென்ற வருடம் வேறு தேவைக்கு எடுத்ததைத் தூசி தட்டிக் கொடுக்க முடியாது.

வேறு மாவட்டத்திலிருந்து வந்து வாடகைக்கு இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அடையாள அட்டையில் பழைய முகவரி இருக்கும். இங்குள்ள கிராம உத்தியோகத்தருக்கு உங்களைத் தெரியாது. அவர் உங்கள் நடத்தையைப் பற்றி எப்படி எழுதுவார்? பழைய ஊரிலிருந்து நற்சான்றிதழ் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, வாடகை உடன்படிக்கையோடும் வீட்டுக்காரரோடும் போனால் வதிவிடத்தை உறுதிப்படுத்துவது எளிது. குடிவந்த கிழமையே அவரிடம் போய் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது பிற்காலத்தில் எல்லாவற்றுக்கும் உதவும்.

பெயரின் எழுத்துகளைக் கவனமாகப் பாருங்கள். அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் தலைப்பெழுத்துகள் இருந்தால், இரண்டும் ஒருவரே என்பதைச் சமாதான நீதவான் ஒருவர் முன் சத்தியக் கடதாசி மூலம் உறுதிப்படுத்தி இணைத்துவிடுங்கள். பிரதிகளையும் அவரிடமே உறுதிப்படுத்திக்கொள்ளலாம். மூலப்பிரதியை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வர வேண்டாம். காட்டுங்கள், கையோடு எடுத்து வாருங்கள்.

அரச சேவையில் இருப்பவர்கள் தங்கள் நிறுவனத் தலைவரின் எழுத்து மூல அனுமதியை இணைக்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு சுற்றுலா விசாவில் வரும் நம்மவர்கள், சம்பளமில்லாத வேலைதானே என்று தொடங்கிவிடாமல், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் முதலில் கேட்டுக்கொள்வதே பாதுகாப்பு.

4. கொடுப்பதும் தொடர்ந்து விசாரிப்பதும்

கடிதத்தை வலயக் கல்விப் பணிப்பாளருக்கு முகவரியிட்டு, முறைசாராக் கல்விக்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் கவனத்துக்கு என்று மேலே குறிப்பிடுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கடிதம் பொதுக் கோப்புக்குள் போய்விடும். இரண்டு பிரதிகள் கொண்டுபோய், ஒன்றில் கிடைக்கப்பெற்ற திகதி முத்திரையைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். அந்த முத்திரையும் பற்றுச்சீட்டும் இல்லாதவருக்கு, பிறகு என்ன கேட்டாலும் அப்படியொரு கடிதம் வரவில்லை என்ற பதிலே கிடைக்கும்.

சான்றிதழ் எடுக்கத் தொடங்கும் நாளிலிருந்து முதல் வகுப்பு வரை ஒன்றரை மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் ஆனாலும் அதிர்ச்சியடைய வேண்டாம். இரண்டு கிழமைக்கு ஒரு முறை, பொதுமக்கள் தினத்தில், திகதி முத்திரையோடு போய் அமைதியாக விசாரியுங்கள். எத்தனை முறை போயும் எழுத்தில் ஒரு பதிலும் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பத்தின் நிலையைக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தங்கள் தீர்மானத்தை அவர்கள் தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டத்தை எடுத்த எடுப்பில் நீட்ட வேண்டாம், ஏனென்றால் நாளை அதே உத்தியோகத்தரோடுதான் நீங்கள் சேர்ந்து வேலை செய்யப்போகிறீர்கள்.

புதிய நிலையம் ஒன்றைத் தொடங்க விரும்பும் குழுக்கள், அரச நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதை மனத்தில் வைத்து, முந்திய வருடத்தின் கடைசி மாதங்களுக்குள் கோரிக்கையைக் கொடுத்துவிடுவது நல்லது. வருடத்தின் நடுவில் கேட்டால், நியாயமான கோரிக்கைக்கும் நிதி இல்லை என்பார்கள்.

5. செலவு

சேர்வதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பதிவுக்கட்டணம், பயிற்சிக்கட்டணம் என்று யாராவது பணம் கேட்டால் அங்கிருந்து விலகிவிடுங்கள். இந்தச் சேவையை முடித்தால் அரச ஆசிரியர் நியமனம் கிடைக்கும் என்று சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். நிரந்தர நியமனத்தை எதிர்பார்த்துப் பாடசாலைகளில் வருடக்கணக்காகத் தொண்டர் ஆசிரியர்களாக இருந்தவர்களின் துயரத்தை நம் மாகாணம் நன்றாக அறியும். கொடுப்பனவு உண்டா, போக்குவரத்துச் செலவாவது கிடைக்குமா என்பதை முதல் நாளே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் கையிலிருந்து போகும் பணம் பெரும்பாலும் பஸ்ஸுக்கும் போட்டோகொப்பிக்கும்தான். போட்டோகொப்பி ஒரு பக்கம் பத்து, இருபது ரூபாய் என்று கடைக்குக் கடை வேறுபடும். பதினைந்து பேருக்கு வாரம் இரண்டு தாள் என்றால் மாத முடிவில் அது கனமான தொகையாகிவிடும். பெரிய மட்டையில் மார்க்கர் பேனையால் எழுதிச் சுவரில் தொங்கவிட்டால் அந்தச் செலவில் பெரும்பகுதி மிஞ்சும், கண் மங்கியவர்களுக்கும் அது வசதி. நகரத்திலிருந்து மூதூர், தோப்பூர், குச்சவெளிப் பக்கம் போவோர் மாலையில் திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தை நடத்துனரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் முச்சக்கரவண்டிக்குக் கொடுப்பது ஒரு மாத பஸ் செலவுக்குச் சமமாகிவிடும்.

6. பருவத்தைப் பார்த்து நேரம் வையுங்கள்

நல்ல மனத்தோடு தொடங்கிய வகுப்புகள் கலைந்துபோவதற்குப் படிப்பிப்பவரின் திறமைக் குறைவை விட, நேரத்தைத் தவறாக வைத்ததே அதிகம் காரணமாகிறது. ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை. அந்த மாதங்களில் தாழ்வான இடங்களில் வெள்ளம் நிற்கும், பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வரும், பெண்கள் வெளியே வரத் தயங்குவார்கள். ஆனால் கடல் கொந்தளிப்பாக இருப்பதால் மீன்பிடிக் குடும்பங்களில் ஆண்கள் வீட்டில் இருக்கும் காலமும் அதுதான். கடல் அமைதியடைந்த பின் கரைவலை இழுப்பவர்களைக் காலையில் எதிர்பார்க்க முடியாது. கருவாடு போடும் பெண்களுக்கு வெயில் சாயும் வரை ஓய்வில்லை. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்தில் பெரும்போக அறுவடை தொடங்கியதும் வகுப்பில் பாதிப் பேர் வயலில் இருப்பார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் வெள்ளிக்கிழமை நண்பகலையும் நோன்பு மாதத்தின் பின்னேரங்களையும் விட்டுவிடுங்கள். நகரத்தில் பங்குனியில் கோணேசர் திருவிழா நடக்கும் நாட்களில் வகுப்பு வைத்தால் வாங்கு வெறுமையாகத்தான் இருக்கும்.

ஆகவே நேர அட்டவணையை நீங்களே தயாரித்துக்கொண்டு போகாதீர்கள். முதல் கூட்டத்தில் படிப்பவர்களையே கேட்டு எழுதுங்கள். அறுவடைக்கு இரண்டு மூன்று கிழமை விடுமுறை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், விடுபட்டவர்கள் கூச்சமின்றித் திரும்பி வருவார்கள். அறிவிக்காமல் நடத்தினால் பின்தங்கிவிட்டோமே என்று நின்றுவிடுவார்கள்.

பாடசாலைக் கட்டடத்தில் வகுப்பு வைப்பதானால், பிற்பகல் ஒன்றரைக்குப் பாடசாலை விட்ட பிறகுதான் இடம் கிடைக்கும், அதிபரின் அனுமதியும் வேண்டும். அந்தப் பாடசாலை பரீட்சை நிலையமாகும் காலத்தில் ஒரு வகுப்பறைகூடக் கிடைக்காது; மாற்றிடம் ஒன்றை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

7. முதல் வகுப்புகளில் கவனிக்க வேண்டியவை

வருபவர்களில் பலர், 1990இலும் 2006இலும் இடம்பெயர்ந்து பள்ளிப்படிப்பு முறிந்தவர்கள். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். மீன் நிறுத்து விலை கூட்டுவதை மனக்கணக்காகவே செய்வார்கள். தொலைபேசியில் எண்களை அழுத்துவார்கள். எண்களை ஒன்றிலிருந்து தொடங்குவது அவர்களின் நேரத்தை வீணாக்குவது. கடைப் பற்றுச்சீட்டை எடுத்து, மனத்தில் போட்ட கணக்கைத் தாளில் எழுதக் காட்டினால் போதும்.

எழுத்தை அவரவர் பெயரிலிருந்து தொடங்குங்கள். கமலா என்ற பெயரில் க, ம, லா என்ற மூன்று எழுத்துகள் இருக்கின்றன. லாவிலிருக்கும் கால் குறியை (ா) காட்டி அதைக் கவுக்கும் மவுக்கும் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். மேலே புள்ளி வைத்தால் ஒலி எப்படி நிற்கிறது என்று சொல்லிக்கொடுக்கலாம். கல், கலம், கால், காலம், மாமா என்று இரண்டாவது வகுப்பிலேயே ஐந்தாறு சொற்களை அவரே வாசித்துவிடுவார். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் வரிசையாக எழுதி முடித்த பிறகுதான் சொல் என்று வைத்தால், ககர வரிசையைத் தாண்டும் முன் பலர் நின்றுவிடுவார்கள். அடுத்ததாக அவர்கள் நாளாந்தம் கையில் எடுப்பவற்றை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்: கிளினிக் கொப்பி, மருந்து உறையில் எழுதியிருக்கும் காலை மாலை அளவு, பஸ்ஸின் பெயர்ப்பலகை, அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவிக்கான படிவம்.

நாற்பது தாண்டிய ஒருவர் கொப்பியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எழுத்து விளங்கவில்லை என்று சொன்னால், முதலில் அவருடைய கண்ணைப் பாருங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்ட பிறகு ஒரே மாதத்தில் வாசிக்கத் தொடங்கியவர்களை நான் அறிவேன். அதுவரை, தன் தலையில் ஏறாது என்றே அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் கிழமையிலேயே எல்லோரையும் கண் பரிசோதனைக்கு அனுப்புவது எந்தப் பாடநூலையும் விட முக்கியம் என்பது என் கருத்து.

பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். ஐயா, அம்மா, அக்கா, அண்ணை என்றோ, முஸ்லிம் கிராமங்களில் காக்கா, ராத்தா என்றோ, அங்கு பழகும் முறையைக் கேட்டறிந்து அழையுங்கள். அவர்கள் உங்களைச் சேர், டீச்சர் என்று அழைப்பார்கள். வயதில் இளையவர் என்பதற்காக அதை மறுத்துச் சங்கடப்படுத்த வேண்டாம்.

8. செய்யக் கூடாதவை

படிப்பவரின் அடையாள அட்டையையோ வங்கிப் புத்தகத்தையோ ஒரு நாளும் உங்களிடம் வைத்துக்கொள்ள வேண்டாம். நுண்கடன் படிவங்களை வகுப்புக்குக் கொண்டுவருவார்கள். வாசிக்க முடியாத தாளில் பெருவிரல் அடையாளம் வைத்துவிட்டு வருந்துபவர்கள் நம் கிராமங்களில் ஏராளம். வட்டி எவ்வளவு, தவணை எத்தனை, பிணையாளர் யார் என்று அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள். ஆனால் சாட்சியாகவோ பிணையாகவோ நீங்கள் ஒப்பமிடக் கூடாது. கைமாற்றாகப் பணம் கொடுக்கவும் வேண்டாம். திருப்பித் தர முடியாதவர் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிடுவார்.

கையொப்பமிடப் பழகியவர் நேரே வங்கிக்குப் போய்ப் பணம் எடுக்கும் சீட்டில் ஒப்பமிட்டால், கணக்கில் பெருவிரல் அடையாளம்தானே இருக்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள். ஆசையோடு போனவருக்கு அது பெரிய அடி. முதலில் அடையாள அட்டையோடு கிளைக்குப் போய், கையொப்ப மாதிரியை மாற்றித் தரும்படி கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மாற்றிய பிறகு ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக ஒப்பமிட வேண்டியிருப்பதால், கை நன்றாகப் படிந்த பின் போவதே நல்லது.

செப்டம்பர் 8 சர்வதேச எழுத்தறிவு தினத்தில் நிகழ்ச்சி வைப்பார்கள், படம் எடுப்பார்கள். படிப்பவரின் சம்மதம் இல்லாமல் அவருடைய முகத்தை முகநூலில் போடாதீர்கள். தனக்கு எழுதத் தெரியாது என்பதைத் தன் சம்பந்திக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை ஒன்று வகுப்புக்கு வந்தால், சேர்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட வேண்டாம். 5 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. அந்தப் பிள்ளையின் இடம் பாடசாலை. வலய அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் தெரிவியுங்கள். பிள்ளை துன்புறுத்தப்படுவதாகத் தோன்றினால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

9. விலகும்போது

விலகும் எண்ணம் வந்ததும் ஒரு மாதத்துக்கு முன்பே நிலையப் பொறுப்பாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள். வரவு இடாப்பையும், ஒவ்வொருவரும் எதுவரை வாசிக்கிறார் என்று ஓரிரு வரியில் எழுதிய குறிப்பையும் அடுத்தவரிடம் கொடுத்து, அவரோடு சேர்ந்து இரண்டு வகுப்புகளாவது எடுங்கள். சேவைக் கடிதம் தேவையென்றால், பொறுப்பாளர் இடமாற்றம் பெற்றுப் போகும் முன் கேட்டு வாங்குங்கள். தொடங்கிய திகதி, முடிந்த திகதி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், எந்தப் பாடம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும், நிலையத்தின் முத்திரையும் இருக்க வேண்டும். வந்த நாட்களை உங்கள் நாட்குறிப்பில் ஆரம்பத்திலிருந்தே குறித்து வைத்தால், கடிதம் தட்டச்சுச் செய்பவருக்கு அந்த விபரங்களை அங்கேயே கொடுக்கலாம்.